சிரிக்கும் நாய், உறுமும் நாய்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சூப்பர் ஹீரோ நாய்கள் வரும் கார்ட்டூன் தொடர்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன, அவற்றை வீட்டில் ஓடவே விடக்கூடாது என்று வாசகர் ஒருவர் உங்களுக்கு எழுதியிருந்தார். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் கவலைப்பட வேண்டிய இடத்தை அவர் விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். ஐந்து வயதுப் பேத்தியோடு தினமும் உட்கார்ந்து இந்தத் தொடர்களை நானும் பார்க்கிறேன். அவள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும் என்பதால் ஒரு காட்சியையும் தவறவிடுவதில்லை. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று பல நாடுகளில் குழந்தைகள் பார்க்கும் பாவ் பட்ரோல் தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவில் தயாராவது, 2013 ஆகஸ்டில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. ரைடர் என்று ஒரு சிறுவன், அவனோடு ஆறு நாய்க்குட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, ஒரு வண்டி. சேஸ் போலீஸ், மார்ஷல் தீயணைப்பு, ஸ்கை ஹெலிகாப்டர் ஓட்டுவாள், ரபிள் கட்டுமான வேலை, சூமா தண்ணீரில் மீட்பு, ராக்கி பழைய சாமான்களைச் சேர்த்து வைத்து உடைந்ததை எல்லாம் சரிசெய்வான். யாருக்காவது ஆபத்து என்றால் ரைடருக்குப் போன் வரும், எந்தக் குட்டி போனால் காரியம் நடக்கும் என்று யோசித்து அனுப்புவான். ஒரு கதை சுமார் 11 நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் குட்டிகளின் பயம்தான். போலீஸ் நாயான சேஸுக்குப் பூனை பக்கத்தில் வந்தால் தும்மல் நிற்காது. ராக்கிக்கு உடம்பு நனைவது என்றாலே ஆகாது. ரபிளுக்குச் சிலந்தி, ஸ்கைக்குக் கழுகு. மார்ஷல் லிஃப்டுக்குள் ஓடி வரும்போது கால் தடுக்கி மற்றவர்கள் மேல் போய் விழுவான். இத்தனை குறைகளோடும் கூப்பிட்டால் கிளம்பிவிடுகிறார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றவிடாமல் அழுது அடம்பிடித்துக்கொண்டிருந்த என் பேத்தி ஒரு நாள் தானாகவே குளியலறைக்குப் போய் நின்றுகொண்டு, "ராக்கிக்கும் தண்ணின்னா பயம்தான் தாத்தா, ஆனா வேலைன்னா போவான்ல" என்றாள். எத்தனையோ நாள் நாங்கள் சொல்லிப் பார்த்தும் நடக்காத காரியம் அது. அந்தக் கதையை எழுதியவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

அப்புறம் 2018இல் அதே தொடரில் ஒரு விண்கல் வந்து விழுந்தது. அதன் சக்தி பட்டதும் குட்டிகள் சூப்பர் ஹீரோக்கள் ஆகிவிட்டன. சேஸ் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடுவான், ரபிளுக்கு எதையும் தூக்கும் பலம், ஸ்கைக்குப் பறக்க ஹெலிகாப்டரே தேவையில்லை. 2023இல் வந்த திரைப்படமும் இந்த வழியில்தான் போகிறது. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு ஒரு மாற்றம் தெரிகிறது. முன்பு பள்ளத்தில் ஒரு கன்று விழுந்துவிட்டது என்றால் எங்கள் வீட்டில் சத்தம் கிளம்பும், "கயிறு! இல்ல, ஏணி! ராக்கியைக் கூப்பிடு!" என்று. சிக்கலுக்கும் தீர்வுக்கும் நடுவில் யோசிக்க ஓர் இடம் இருந்தது, அந்த இடத்தில்தான் குழந்தை உட்கார்ந்திருந்தாள். சக்தி வந்தபின் அந்த இடம் குறைந்துவிட்டது, அவள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறாள். பயமும் அப்படித்தான், எதையும் தூக்குகிறவன் சிலந்திக்கு அஞ்சினால் அது வேடிக்கைக் காட்சி ஆகிவிடுகிறது, முன்பு போல மனதைத் தொடுவதில்லை.

சக்தியுள்ள நாய் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வாசகர் இதை இந்தக் காலத்துக் கெடுதி போல எழுதியிருந்தார். சூப்பர்மேனின் நாயான கிரிப்டோ 1955லேயே காமிக்ஸில் வந்துவிட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1964இல் அண்டர்டாக் பறக்கத் தொடங்கியது, சாதாரண நாளில் செருப்புக்குப் பாலிஷ் போடும் ஒரு நாய், ஆபத்து என்றால் தொலைபேசிக் கூண்டுக்குள் போய் உடை மாற்றிக்கொண்டு வரும். அது சக்திக்காக ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளும், பிற்காலத்து மறு ஒளிபரப்புகளில் அந்தக் காட்சிகளை வெட்டினார்கள். குழந்தை திரையில் பார்ப்பதை வீட்டில் செய்து பார்க்கும் என்ற உண்மை அப்போதே தெரிந்திருக்கிறது. 1976இல் டைனோமட் என்ற இயந்திர நாய், 2005இல் கிரிப்டோவுக்கென்றே ஒரு கார்ட்டூன் தொடர். ஆக, என் பிள்ளைகளின் தலைமுறையும் இந்த நாய்களோடுதான் வளர்ந்தது.

மாத்திரை விஷயத்தில் விழித்துக்கொண்ட பெரியவர்கள் இன்னொன்றில் இன்னும் விழித்துக்கொள்ளவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. இந்த நாய்களின் முகத்தைக் கவனித்துப் பாருங்கள். கண்கள் மனிதக் கண்கள், முன்னால் பார்க்கும், வெள்ளை விழி பெரிதாகத் தெரியும். புருவம் இருக்கும். மகிழ்ச்சி வந்தால் உதடு விரிந்து பல் தெரியச் சிரிக்கும். யார் கட்டிப்பிடித்தாலும் பிடிக்கும், எந்த நேரத்திலும் பிடிக்கும், தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுந்து வாலாட்டும். நாயின் தோலைப் போர்த்திக்கொண்ட ஒரு குழந்தை அது. என் பேத்தி நாய் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டது முதலில் திரையில்தான், நிஜ நாய் அப்புறம் வந்தது.

சில மாதங்களுக்கு முன் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு நாய் வளர்க்கிறார்கள், வயதான நாய், அமைதியானது. மேசைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் இவள் தவழ்ந்து போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாய் முகத்தைத் திருப்பியது. இவள் இன்னும் இறுக்கினாள். அது உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டியது. "தாத்தா, தாத்தா, இங்க பாரு, சிரிக்குது!" என்று அவள் என்னைக் கூப்பிட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் எழுவதற்குள் மணிக்கட்டில் பல் பட்டுவிட்டது.

காயம் சிறிதுதான். என் மகள் உடனே குழாயடிக்குத் தூக்கிப் போய் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவினாள். அதைத்தான் முதலில் செய்ய வேண்டும், வீட்டு நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது, உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதே 15 நிமிடக் கணக்குதான். பிறகு மருத்துவரிடம் போனோம், ஊசி போட்டார்கள். ரேபீஸ் என்ற வெறிநோயின் அறிகுறி தெரிந்தபின் கிட்டத்தட்ட யாரையும் காப்பாற்ற முடியாது, ஆனால் கடி பட்டவுடன் கழுவி முறையாக ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். வெறிநோய் இருக்கலாம் என்று சந்தேகப்படும் விலங்குகளிடம் கடி படுகிறவர்களில் 100க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்கிறது அந்த நிறுவனம். இந்த எண்ணிக்கையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குற்றம் என்னுடையது. கார்ட்டூன் தயாரித்தவர்கள் மேல் நான் பழி போடவில்லை, நாய் மேலும் போடவில்லை. அது தன்னால் முடிந்தவரை சொல்லிப் பார்த்தது, முகத்தைத் திருப்பியது, பல்லைக் காட்டியது, கேட்கத் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லை. ஆனால் அவள் சொன்ன அந்த வார்த்தை, "சிரிக்குது" என்பது, ஒரு குழந்தையின் தவறு மட்டுமல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. பிரிட்டனில் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறு குழந்தைகளுக்கு நாய்களின் முகங்களைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். உறுமும் நாயை, பல்லைக் காட்டும் நாயைச் சந்தோஷமாக இருக்கிறது, சிரிக்கிறது என்று சொன்ன குழந்தைகள் நிறைய. நெருங்கக் கூடாத முகம் குழந்தைக்குக் கிட்டே வா என்று கூப்பிடும் முகமாகத் தெரிகிறது. மனிதர்களிடம் பல் தெரிந்தால் சிரிப்பு, அதை வைத்துத்தான் குழந்தை கணக்குப் போடும். நாம் திரையிலும் அதையே நாயின் முகத்தில் வரைந்து காட்டி உறுதிப்படுத்திவிடுகிறோம்.

நாய் பேசாது என்கிறோம், அது ஓயாமல் பேசுகிறது. தூக்கம் வராதபோது கொட்டாவி விட்டால் அதற்கு மனது சரியில்லை. தின்ன எதுவும் இல்லாமல் உதட்டை நக்கினால், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் மட்டும் பார்த்து விழியின் வெள்ளை தெரிந்தால், கொஞ்சம் விலகிப் போ என்று கேட்கிறது. வாலாட்டுகிறதே என்று போய்விடவும் கூடாது, உடம்பெல்லாம் தளர்ந்து இடுப்போடு சேர்ந்து ஆடும் வால் வேறு, உடம்பு விறைத்து நிற்க உயர்ந்து நின்று மெல்லத் துடிக்கும் வால் வேறு. தின்னும்போது, தூங்கும்போது, குட்டியோடு இருக்கும்போது அதன் பக்கமே போகக் கூடாது. தெரியாத நாய் ஓடிவந்தால் கத்திக்கொண்டு ஓடாமல் மரம் மாதிரி அசையாமல் நிற்க வேண்டும், கையைத் தொங்கவிட்டு, அதன் கண்ணை நேராகப் பார்க்காமல். இது முழுவதையும் ஓர் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். பொம்மை நாயை வைத்து விளையாட்டாகவே சொல்லிக் கொடுத்தேன்.

அதோடு, நாய்க்கு விண்கல்லும் வேண்டாம் மாத்திரையும் வேண்டாம், அதனிடம் இருப்பதே போதும். நம் மூக்கில் மோப்பம் பிடிக்கும் செல்கள் 50, 60 லட்சம் என்றால் நாய்க்கு இனத்தைப் பொறுத்து 10 கோடிக்கு மேல், 30 கோடி வரை கூட இருக்கும். மோந்து பார்க்கும்போது ஒரு நொடியில் ஐந்து முறை மூச்சை இழுத்து விடும், விடும் மூச்சு மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியாக வெளியேறும், அப்போதுதான் முன்னால் இருக்கும் வாசனை கலையாமல் இருக்கும். என் பேத்தியிடம் இதைச் சொன்னதும் ஒரு மணி நேரம் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் மோந்து பார்த்துக்கொண்டு திரிந்தாள்.

நிறத்தைப் பற்றிச் சொன்னது அவளுக்கு இன்னும் பிடித்தது. நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகப் பிரிந்து தெரியும், சிவப்பும் பச்சையும் மங்கலான ஒரே மாதிரிச் சாயலாகத்தான் தெரியும். அப்படியென்றால் சேஸின் நீல வண்டியும் ரபிளின் மஞ்சள் வண்டியும் குட்டிகளுக்கு அந்தந்த நிறத்தில் தெரியும், மார்ஷலின் சிவப்புத் தீயணைப்பு வண்டியும் ராக்கியின் பச்சை வண்டியும் நிறத்தை வைத்துப் பிரிப்பதற்குக் கஷ்டமாக இருக்கும். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ மார்ஷல் தன் வண்டியை மோந்து பாத்துதான் கண்டுபிடிப்பானா?" என்று கேட்டாள். இப்படி ஒரு கேள்வியை அவளுக்குள் எழுப்பும் ஒரு காட்சியை அந்தத் தொடரிலேயே வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

நிஜத்தில் வேலை செய்த நாய்களின் கதையும் திரையில் வரும் எதற்கும் குறைந்ததல்ல. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் கணவாயில் 1800களின் தொடக்கத்தில் வாழ்ந்த பாரி என்ற நாய் பனியில் சிக்கிய 40க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள். 1925இல் அலாஸ்காவின் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, சுமார் 1,080 கிலோமீட்டர் பனிப்பாதையில் 20 ஓட்டுநர்களும் ஏறக்குறைய 150 சறுக்குவண்டி நாய்களும் மருந்தைக் கைமாற்றி ஐந்தரை நாளில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கடைசிப் பகுதியை ஓடிய பால்டோவுக்கு நியூயார்க்கில் சிலை இருக்கிறது, மற்றவர்களைவிட மிக நீண்ட, ஆபத்தான பகுதியை ஓடியது டோகோ. மெக்சிகோ கடற்படையில் ஃப்ரீடா என்று ஒரு லாப்ரடார் இருந்தது, 2017 நிலநடுக்கத்தில் கண்ணுக்குக் கண்ணாடியும் காலுக்குக் காலணியும் போட்டுக்கொண்டு இடிபாடுகளில் ஏறிய படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். தன் பணிக்காலத்தில் 12 பேரை உயிரோடு கண்டுபிடித்தது. பேத்திக்கு அந்தப் படத்தைக் காட்டினேன், "ஸ்கை மாதிரியே கண்ணாடி!" என்றாள்.

என்னை மிகவும் உலுக்கியது வேறொன்று. 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் இடிந்தபின் தேடுதலுக்கு வந்த நாய்களில் பல நாள் கணக்கில் தேடியும் உயிரோடு யாரையும் கண்டுபிடிக்க முடியாமல் சோர்ந்து போயின. அந்த நாய்களுக்குத் தேடுவது ஒரு விளையாட்டு, ஆள் கிடைத்தால் பாராட்டும் பந்தும் கிடைக்கும். ஆள் கிடைக்கவே இல்லை. அதனால் பயிற்சியாளர்கள் தங்களில் ஒருவரையே ஒளிந்துகொள்ளச் சொல்லி, நாய் போய்க் கண்டுபிடித்து மகிழும்படி செய்தார்கள். அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த மனிதர்கள், அவ்வளவு துக்கத்துக்கு நடுவில், ஒரு நாயின் மனசு உடையக் கூடாது என்று ஒளிந்து விளையாடியிருக்கிறார்கள். சூப்பர் ஹீரோ நாய் பற்றிய ஒரு தொடரில் இந்த ஒரு காட்சி வந்தால் குழந்தைகள் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார்கள். நாய்க்கும் சோர்வு உண்டு, அதைக் கவனிக்க வேண்டியவர் மனிதர் என்று அதில் இருக்கிறது.

இந்தத் தொடர்களை எடுப்பதே பொம்மை விற்பதற்காகத்தான் என்று அந்த வாசகர் எழுதியதில் பாதி சரி. பாவ் பட்ரோலைத் தயாரிப்பது ஸ்பின் மாஸ்டர் என்ற பொம்மை நிறுவனம்தான், இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. பொம்மை வாங்குவதைவிட எனக்குப் பயம் நாயையே வாங்கிவிடுவதில். படத்தில் வந்த இனம் வேண்டும் என்று பிள்ளை அழும், வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். அமெரிக்காவில் நாய்கள் நடித்த திரைப்படங்களையும், எந்த இன நாய் எத்தனை பதிவாகிறது என்ற கணக்கையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2014இல் வெளியானது, படம் வந்தபின் அந்த இனத்துக்கு மவுசு பத்து ஆண்டு வரை கூட நீடித்திருக்கிறது. மார்ஷல் ஒரு டால்மேஷியன். குதிரை வண்டிகளோடு மைல் கணக்கில் ஓடுவதற்கென்று வளர்க்கப்பட்ட இனம் அது, குதிரை பூட்டிய தீயணைப்பு வண்டிக் காலத்திலிருந்து வந்ததுதான் தீயணைப்போடு அதற்குள்ள தொடர்பு. அதை ஒரு சின்ன வீட்டுக்குள் நாள் முழுக்க அடைத்து வைத்தால் என்ன ஆகும்? பிறவிக் காது கேளாமையும் அந்த இனத்தில் அதிகம், கூப்பிட்டால் வரவில்லை என்று அடி வாங்கும். திரையில் இருக்கும் நாய் மலம் கழிப்பதில்லை, நோய்வாய்ப்படுவதில்லை, கிழமாவதும் இல்லை. வீட்டுக்கு வருவது பத்துப் பன்னிரண்டு ஆண்டுப் பொறுப்பு.

ஆகவே நான் கேட்பது தடை அல்ல. இந்தத் தொடர்களை எடுப்பவர்களும் தமிழில் குரல் கொடுத்து வெளியிடுபவர்களும் ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் ஒரே ஒரு நிமிடம் நிஜ நாயைக் காட்டட்டும், வரைந்த நாய் அல்ல, நிஜ நாய். இது விளையாடக் கூப்பிடும் முகம், இது விலகச் சொல்லும் முகம் என்று. பறக்கும் ஸ்கையே அதைச் சொல்லட்டும், தாத்தா சொல்வதைவிட ஸ்கை சொன்னால் கேட்பார்கள். உங்கள் பத்திரிகையின் சிறுவர் பகுதியிலும் இதற்கு ஒரு இடம் ஒதுக்குங்கள், படத்தோடு போட்டால் வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிவைக்கலாம். எங்களைப் போன்ற வீட்டுப் பெரியவர்கள் செய்ய வேண்டியது, பிள்ளையிடம் டிவியை விட்டுவிட்டு எழுந்து போகாமல் அந்த 11 நிமிடம் பக்கத்தில் உட்காருவது, நிஜ நாய் இருக்கும் இடத்தில் பிள்ளை நம் கையெட்டும் தூரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. நான் அன்று அதைச் செய்யவில்லை.

போன மாதம் மறுபடியும் மகள் வீட்டுக்குப் போனோம். நாய் அதே மேசைக்கு அடியில் விழித்துக்கொண்டு படுத்திருந்தது. என் பேத்தி தள்ளி நின்று, இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, "அத்தை, தொடலாமா?" என்று கேட்டாள். "அதுகிட்டயே கேளு" என்றாள் என் மகள். இவள் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து காத்திருந்தாள். நாய் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு உதட்டை நக்கியது, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. "இப்ப வேணாம்னு சொல்லுது தாத்தா" என்று மெதுவாகச் சொன்னவள், இருந்த இடத்திலேயே உட்கார்ந்து அதற்கு ராக்கியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

இப்படிக்கு,
ஐந்து வயதுப் பேத்தியின் தாத்தா